சாடி மாத்துறதுக்கும் ஒரு வரலாறு உண்டு

பூநகரிப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில் ஏறினால், காசு குடுத்து வாங்கின சீமெந்துச் சாடி ஒன்றிரண்டுதான் இருக்கும். மிச்சமெல்லாம் பெயின்ற் வாளி, வாய் வெட்டின எண்ணெய்க் கான், துருப்பிடிச்ச பால்மா ரின், பசளைப் பை, பழைய ரயர். அதுகளுக்குள்ள குரோட்டன், மணிப்பிளாண்ட், கற்றாழை, ரோசா, துளசி.

அதில ஏதாவது ஒன்று ஒருநாள் வாடத் தொடங்கும். காலமையும் பின்னேரமும் தண்ணி ஊத்தினாலும் இலை மஞ்சளாகி விழும். ஊத்தின தண்ணி மண்ணுக்குள்ள நிற்காமல் அப்படியே அடியால ஓடும். ரின்னைத் தூக்கிப் பார்த்தால், ஆணியால போட்ட ஓட்டைக்குள்ளால வேர் வெளியில எட்டிப் பார்க்கும். கன்றைப் பிடிச்சு மெல்ல இழுத்தால் மண்ணைக் காணேலாது. ரின்னின்ர உருவத்திலேயே சுத்திச் சுத்தி வளர்ந்த வேர்தான் வரும். அப்பதான் வீட்டில ஆராவது சொல்லுவினம்: “இதுக்குச் சாடி மாத்த வேணும்.”

பத்து நிமிச வேலை. இதுக்கு என்ன வரலாறு என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் எங்களைப் பற்றி எழுதுகிறவர்களும், நாங்களும், திரும்பத் திரும்பப் பாவிக்கிற ஒரு உவமை இருக்கிறது. “வேரோடு பிடுங்கப்பட்ட மக்கள்.” மேடையில, கவிதையில, அறிக்கையில, எல்லா இடத்திலயும் அது வரும். அந்த உவமையைச் சொல்லுகிறவர்களில் எத்தனை பேர் ஒரு கன்றை உண்மையிலேயே இடம் மாற்றி, அது பிழைக்குதா சாகுதா என்று பக்கத்தில் இருந்து பார்த்திருப்பார்கள்? அதனால் இந்தமுறை உவமையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, முதலில் கன்றைப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம்.

சாடிக்குள்ள என்ன நடக்குது?

நிலத்தில் நிற்கிற மரத்துக்குத் தண்ணி தேவையெண்டால் வேர் இன்னும் கொஞ்சம் ஆழம் போகும், இல்லையெண்டால் பக்கவாட்டில் ஓடும். சாடியில் நிற்கிற கன்றுக்கு அந்த வழி இல்லை. வேர் சுவரில் முட்டித் திரும்புது, திரும்பத் திரும்ப வட்டமடிக்குது. மண் இருந்த இடத்தையெல்லாம் வேர் பிடிச்ச பிறகு, தண்ணியைப் பிடிச்சு வைக்க அங்கே ஒன்றுமில்லை.

இரண்டாவது, மண்ணும் கிழடாகும். நாங்கள் போட்ட எருவும் இலைக்குப்பையும் உக்கி முடிஞ்ச பிறகு மண் இறுகி, துகள்களுக்கு நடுவில காற்று நிற்கிற இடைவெளி அடைபடும். வேருக்கும் மூச்சு வேணும். காற்றில்லாத ஈர மண்ணில் வேர் அழுகும்.

மூன்றாவது காரணம் பூநகரி ஆக்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை: உப்பு. ஒரு பக்கம் யாழ்ப்பாணக் கடனீரேரி, மற்றப் பக்கம் பாக்கு நீரிணை. பல கிராமங்களில் கிணற்றுத் தண்ணி உவர். குடிக்கிற தண்ணிக்கு பவுசரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வீடுகள் இன்றைக்கும் இருக்கு. அந்தக் கிணற்றுத் தண்ணியை ஒவ்வொரு நாளும் சாடிக்கு ஊத்தினால் தண்ணி ஆவியாகிப் போகும், உப்பு போகாது. மண்சாடியின்ர வெளிப்பக்கத்தில் வெள்ளையாகப் பூக்கிறது அதுதான். வயலில் என்றால் மாரி மழை கொஞ்சமாவது கழுவிக்கொண்டு போகும். கூரைக்குக் கீழ இருக்கிற சாடிக்கு அந்த மழையும் கிடையாது.

ஆக, சாடி என்பது கன்றுக்கு வீடுதான், ஆனால் காலக்கெடு போட்ட வீடு. நிலம் தன்னைத் தானே புதுப்பிக்கும். சாடியை ஆராவது புதுப்பிக்க வேணும். அந்த “ஆராவது” என்ற இடத்தில் இருந்துதான் வரலாறு தொடங்குது.

ஓட்டை போட்ட பானை

மண்ணைச் சுட்டுப் பாத்திரம் செய்கிற வேலை பூநகரிக்குப் புதிதல்ல. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் எழுதி 1993இல் வெளிவந்த ‘பூநகரி தொல்பொருளாய்வு’ என்ற நூல், இந்தப் பிரதேசத்தில் கிடைத்த கறுப்பு-சிவப்பு மட்பாண்டத் துண்டுகளைப் பற்றியும் பிராமி எழுத்துப் பொறித்த ஓட்டுத் துண்டுகளைப் பற்றியும் பேசுகிறது. இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தியே இந்த மணலில் பானையோடு வாழ்ந்த ஆக்கள் இருந்திருக்கினம். அந்தப் பானைகள் சோற்றுக்கும் தண்ணிக்கும் தானியத்துக்கும் ஆனவை. அதே 1993ஆம் ஆண்டு நவம்பரில்தான் பூநகரி இராணுவ முகாம் மீதான பெரும் தாக்குதலும் நடந்தது. ஊரின்ர பெயர் ஒரே வருசத்தில் ஒரு நூலின் அட்டையிலும் போர்ச் செய்தியிலும் வந்தது. எங்களில் பலருக்கு இரண்டாவதுதான் நினைவில் நிற்குது.

பானைக்குள்ள பயிர் வைக்கிற பழக்கமும் எங்களிட்ட உண்டு. கலியாண வீட்டில் முளைப்பாலிகை போடுவார்களே, அதுதான். சின்ன மண்சட்டியில் நவதானியம் விதைத்து, முளைத்து வந்த பிறகு கொண்டுபோய் நீர்நிலையில் விடுவார்கள். ஆனால் அது நீண்டகாலம் வளர்க்கிற நோக்கத்தில் வைக்கிற கன்று இல்லை. முளை வந்தால் அதன் வேலை முடிந்தது. துளசி மாடத்தில் நிற்கிற துளசிதான் எங்கட வீடுகளின் பழைய “சாடிக் கன்று” என்று சொல்லலாம்.

ஒரு மரத்தை மண்ணோடு தூக்கி வேறு நாட்டில் நடுகிற முயற்சிக்கு மிகப் பழைய படங்களில் ஒன்று எகிப்தில் இருக்கிறது. சுமார் 3,500 வருசத்துக்கு முன் அரசி ஹட்செப்சுட், புந்து என்ற நாட்டுக்குக் கப்பல் அனுப்பினாள். சாம்பிராணி மாதிரி வாசப் பிசின் தருகிற மரங்களை அங்கிருந்து உயிரோடு கொண்டு வந்தார்கள். தெய்ர் எல்-பஹ்ரியில் உள்ள அவளது கோயில் சுவரில் அந்தக் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. வேர்ப்பந்தைக் கூடைக்குள் வைத்து, கூடையைத் தடியில் கட்டி, ஆக்கள் தோளில் சுமந்து போகிறார்கள். 31 மரங்கள் என்று கணக்கும் சொல்லப்படுகிறது. வேரை மட்டும் பிடுங்காமல், அது பிடித்திருந்த மண்ணோடு சேர்த்துத் தூக்கினால்தான் மரம் பிழைக்கும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

ரோமர்கள் இதில் இன்னொரு படி போனார்கள். பொம்பேயி போன்ற இடங்களின் பழைய தோட்டங்களைத் தோண்டினபோது அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட மண்சாடிகள் கிடைத்தன. கன்றைச் சாடியில் வளர்த்து, பிறகு சாடியோடயே நிலத்தில் புதைத்துவிடுவார்கள். வேர் அந்த ஓட்டைகளுக்குள்ளால வெளியில் போய் நிலத்தைப் பிடிக்கும். சாதாரணப் பானைக்கும் பூச்சாடிக்கும் உள்ள வித்தியாசமே அந்த ஓட்டைதான். ஓட்டையில்லாத பானை தண்ணியைக் காப்பாற்றும், கன்றைக் கொல்லும்.

விறாந்தையில் நிற்கிற வெளிநாட்டுக்காரர்

பூநகரிக் கோட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போன பிறகு அவர்கள் விரிவாக்கியது. அந்த ஒல்லாந்தக் கம்பனிக்கு எங்கட நிலத்தில் யானையும் கறுவாவும் முத்தும் மட்டும் தேவைப்படவில்லை. 1670களில் அவர்களிடம் வைத்தியராக இலங்கையில் வேலை செய்த போல் ஹேர்மன், இங்குள்ள செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, பெயர் எழுதி வைத்தார். அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தனது நூலை எழுதினார். இன்றைக்கும் பல செடிகளின் அறிவியல் பெயரில் “செய்லானிகா” என்ற ஒட்டு நிற்கிறது. பட்டணத்து வீடுகளில் இப்ப நாகரிகமாக வைக்கிற பாம்புச் செடியின் நெருங்கின சொந்தக்காரன் ஒன்றுக்கும் அந்த ஒட்டு உண்டு. எங்கட வறண்ட காடுகளில் ஆரும் கவனிக்காமல் வளர்கிற மருள் இனம் அது.

மற்றப் பக்கம், எங்கட விறாந்தையில் “எங்கட பூ” என்று நாங்கள் நினைக்கிறதுகளின் ஊரைக் கேட்டுப் பாருங்கோ. அந்தூரியம் கொலம்பியாப் பக்கம். போகன்விலா பிரேசில். நித்தியகல்யாணி மடகஸ்கார். கற்றாழை அராபியத் தீபகற்பம். மணிப்பிளாண்ட் பசிபிக் கடலில் உள்ள மூரியா என்ற சின்னத் தீவு. இதில் பலதும் ஆரோ ஒருவர் கப்பலில் ஏற்றி, வழியில் தண்ணி ஊத்தி, இறக்கி, சாடி மாத்தி வளர்த்ததால்தான் இங்கே வந்தது. பூநகரி என்ற பெயரிலேயே பூ இருக்கு. அந்தப் பெயருள்ள ஊரின் முற்றத்துப் பூக்களில் பாதி வந்தேறிகள். அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வந்து, வேர் விட்டு, எங்கட உவர்த் தண்ணியையும் குடிச்சுப் பூத்த பிறகு அது எங்கட பூதான்.

கண்ணாடிப் பெட்டியும் காட்டுப் பாதையும்

1829இல் லண்டனில் நத்தானியல் வார்ட் என்ற மருத்துவர், ஒரு பூச்சியின் கூட்டை ஈர மண்ணோடு ஒரு போத்தலில் போட்டு மூடி வைத்தார். பூச்சி வெளியில் வருவதைப் பார்க்கிறதுதான் நோக்கம். ஆனால் அந்த மண்ணில் இருந்து ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்தன. மூடின கண்ணாடிக்குள் ஈரம் ஆவியாகி, மேலே படிந்து, திரும்ப மண்ணில் விழுந்தது. ஆரும் தண்ணி ஊத்தத் தேவைப்படவில்லை. அந்தப் போத்தலில் இருந்துதான் ‘வார்ட் பெட்டி’ பிறந்தது: கண்ணாடி போட்ட மரப்பெட்டி, அடியில் மண், உள்ளே கன்றுகள். 1833இல் அப்படிப் பெட்டிகளில் லண்டனில் இருந்து சிட்னிக்குக் கன்றுகள் அனுப்பினார்கள். மாதக்கணக்கில் உப்புக் காற்றிலும் வெயிலிலும் போன கன்றுகள் உயிரோடு இறங்கின. அதுக்கு முன் அப்படியான கடற்பயணங்களில் பெரும்பாலான கன்றுகள் செத்துத்தான் போகும்.

இந்தப் பெட்டி இலங்கையின்ர தலையெழுத்தையே மாத்தினது. 1876இல் பிரேசிலில் இருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன இறப்பர் விதைகள் அங்கே முளைத்தன. ஏறத்தாழ 1,900 கன்றுகளை 38 வார்ட் பெட்டிகளில் வைத்து, கூடவே ஒரு தோட்டக்காரரையும் அனுப்பி, அதே வருசம் இலங்கைக்குக் கொண்டு வந்தார்கள். பெரும்பாலானவை பிழைத்தன. கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட தோட்டத்தில் அவை நடப்பட்டன. தேயிலைக் கன்று அதுக்கு முந்தியே, 1839இல், கல்கத்தாவில் இருந்து பேராதனைக்கு வந்துவிட்டது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் அதைத் தோட்டமாகப் போட்டார். 1869இல் இலைத்துரு நோய் கோப்பிச் செடிகளில் தென்பட்டு, கொஞ்சக் காலத்தில் கோப்பியே அழிந்துபோக, மலைநாடு முழுக்கத் தேயிலை ஆனது.

அதே நூற்றாண்டில், அதே தோட்டங்களுக்கு, தமிழ்நாட்டில் இருந்து ஆக்களையும் கொண்டு வந்தார்கள். மன்னார்க் கரையில் இறக்கி, வன்னியின் தென்மேற்கு ஓரத்துக் காடுகளுக்குள்ளால, மதவாச்சி, தம்புள்ள வழியாக மாத்தளை வரை நடக்க விட்டார்கள். தண்ணியில்லாமலும் கொலராவிலும் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே செத்தார்கள். இறப்பர்க் கன்றுக்குக் கண்ணாடிப் பெட்டியும் துணைக்கு ஒரு தோட்டக்காரரும் கிடைத்தார்கள். கோப்பி பிடுங்க வந்த மனிசருக்குக் காட்டுப் பாதை மட்டும்தான் கிடைத்தது. ஒரு உயிரை இடம் மாத்துறதுக்கு எவ்வளவு கவனம் வேணும் என்பது அந்த ஆட்சிக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும். ஆருக்கு அந்தக் கவனத்தைக் குடுக்கிறது என்பதைத்தான் அது தெரிவு செய்தது.

அந்த மக்களின் பேரப்பிள்ளைகளிட்ட இருந்து 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1977, 1983 வன்முறைகளுக்குப் பிறகு அவர்களில் பல குடும்பங்கள் வன்னிக்கு வந்தன. பூநகரிப் பிரதேசத்தில் ஜெயபுரம் போன்ற இடங்களில் அவர்களும் காடு வெட்டிக் குடியேறினார்கள். ஒரு குடும்ப வரலாற்றுக்குள் மூன்று சாடி மாத்தல்.

2009

கியூ தோட்டத்தில் இன்னொரு கன்று இருக்கிறது. “கன்று” என்று சொல்ல முடியாது, நாலு மீற்றருக்கு மேல நீளம், ஒரு தொன்னுக்கு மேல பாரம். தென்னாபிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் இருந்து பிரான்சிஸ் மாசன் என்ற சேகரிப்பாளர் கொண்டு வந்த சைக்காட் இனம் அது. 1775இல் கியூவுக்கு வந்தது. உலகத்திலேயே மிகப் பழைய சாடிக் கன்று என்று அதைச் சொல்லுகிறார்கள். 1819இல் ஒரே ஒரு தடவை அங்கே காய்க்கூம்பு விட்டது. இருநூறு வருசத்துக்கு மேல அதைச் சாடியில் உயிரோடு வைத்திருப்பது என்றால், தலைமுறை தலைமுறையாக ஆரோ அதுக்கு மண் மாத்தி, இடம் மாத்திக் குடுத்திருக்கினம் என்று அர்த்தம். அண்மைக் காலத்தில் அதுக்குப் பெரிய சாடி மாத்தினது 2009இல். வேர் உடையாமல், தண்டு முறியாமல், கட்டித் தாங்கி, மெல்லத் தூக்கி வைத்தார்கள்.

2009 என்ற இலக்கத்தைக் கண்டதும் எங்களுக்கு ஒரு கணம் வாசிப்பு நின்றது. உங்களுக்கும் நிற்கும்.

2008 நவம்பர் 15 அன்று பூநகரி இராணுவத்தின் கைக்குப் போனது. அதுக்கு முந்தின மாதங்களிலேயே ஊர்கள் காலியாகத் தொடங்கிவிட்டன. கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால். ஒவ்வொரு இடத்திலும் தறப்பாள் கட்டி, கிணறு தேடி, பதுங்குகுழி வெட்டி, திரும்பக் கழற்றிக்கொண்டு ஓட்டம். 2009 மே மாதத்துக்குப் பிறகு ஏறத்தாழ 2 இலட்சத்து 80 ஆயிரம் பேர் முகாம்களில். பெரும்பாலானவர்கள் செட்டிகுளம் மெனிக் பாமில். முள்கம்பிக்குள் இருந்த அந்த வலயங்களுக்குக் கதிர்காமர், இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயர் வைத்திருந்தார்கள். அந்த முகாம் முழுதாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில்.

நாங்கள் இரண்டையும் ஒப்பிட்டு ஆரையும் குற்றம் சொல்ல வரவில்லை. கியூவில் அந்தச் செடியைத் தூக்கின தோட்டக்காரர்கள் நல்ல வேலைதான் செய்தார்கள். நாங்கள் கேட்கிறது வேறு. “வேரோடு பிடுங்கப்பட்டவர்கள்” என்ற உவமையைப் பாவிக்கும்போது, பிடுங்கினதை மட்டும்தான் பேசுகிறோம். பிடுங்கினதுக்குப் பிறகு ஒரு கன்றைப் பிழைக்க வைக்கிறது எது என்பதைப் பேசுகிறதில்லை. அந்த இடத்தில்தான் சாடி மாத்துற வேலை எங்களுக்கு ஏதோ சொல்லித் தருகிறது.

எதை வைச்சிருக்கிறது, எதை உதறுறது

முதல் பாடம், எல்லாக் கன்றும் ஒன்றல்ல. பூநகரியின்ர பனையை எடுங்கோ. பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் கீழ் நோக்கித்தான் ஆழமாகப் போகும். நாங்கள் கிழங்கென்று கிண்டி அவிச்சுத் தின்கிறது அதைத்தான். வடலியைக் கிண்டி வேறு இடத்தில் நட்டால் பிழைக்கிறது கடினம். பனை வேணுமென்றால் அந்த இடத்திலேயே விதை போட வேணும், வருசக்கணக்கில் காத்திருக்க வேணும். செல்லடியில் தலை போன பனைக்கு மறு துளிர் இல்லை, அதுக்கு இருக்கிறது ஒரே ஒரு குருத்து. மணிப்பிளாண்ட் அப்படியில்லை. ஒரு கணுவை முறிச்சுத் தண்ணிப் போத்தலில் போட்டாலே வேர் விடும். ரொறன்ரோவில் அடுக்குமாடியில் இருக்கிற பேரப்பிள்ளையையும், “நான் என்ர காணியிலதான் கிடப்பன்” என்று தனியத் திரும்பி வந்த அம்மம்மாவையும் ஒரே உவமைக்குள் அடைக்க ஏலாது. ஒருவர் பலவீனம், மற்றவர் பலம் என்றும் இல்லை. இனம் வேறு.

இரண்டாவது, பழைய மண் கொஞ்சம் கூடவே வர வேணும். வேரை ஒட்டி இருக்கிற மண்ணில்தான் அந்தக் கன்றுக்குப் பழகின நுண்ணுயிர்கள் இருக்கு. நல்லாக நிற்கிற கன்றின் வேரை முழுக்கக் கழுவி வெறுமையாக்கி நட்டால், அது திரும்ப எழும்ப அதிக நாள் எடுக்கும். மெனிக் பாமிலும் பொங்கல் பொங்கினவர்கள், பள்ளிக்கூடம் நடத்தினவர்கள் செய்தது அதைத்தான்.

மூன்றாவதை நாங்கள் அதிகம் பேசுகிறதில்லை. பழைய மண் முழுக்க நல்லதும் இல்லை. வார்ட் பெட்டிகள் கன்றை மட்டும் கொண்டு போகவில்லை. மண்ணுக்குள் இருந்த பூச்சியையும் புழுவையும் பூஞ்சணத்தையும் சேர்த்தே நாட்டுக்கு நாடு கொண்டு போயின. அதனால்தான் பிற்காலத்தில் பல நாடுகள் மண்ணோடு கன்று வரக்கூடாது என்று சட்டம் போட்டன. சாடி மாத்தும்போது அழுகின வேரையும் நாற்றமடிக்கிற மண்ணையும் உதறித்தான் ஆக வேணும். நாங்கள் இடம்பெயர்ந்தபோது கொண்டுபோன மண்ணில் சாதியும் இருந்தது. ஆரின் கிணற்றில் ஆர் அள்ளலாம் என்ற கணக்கும், சீதனமும் இருந்தது. ஒரே தறப்பாளுக்குக் கீழ, ஒரே தண்ணித் தாங்கிக்கு வரிசையில் நின்ற நாட்களில் அது கொஞ்சம் உதிர்ந்த மாதிரித் தெரிந்தது. திரும்பி வந்து வேலி அடைச்ச பிறகு அதுவும் திரும்ப வந்தது. “பழைய மாதிரி ஊர் வேணும்” என்று சொல்லும்போது எந்தப் பழசைக் கேட்கிறோம் என்று எங்கட தலைமுறை ஒருக்கா நின்று யோசிக்க வேணும். உப்புப் படிஞ்ச மண்ணை “அம்மா காலத்து மண்” என்று சொல்லி அப்படியே வைத்திருந்தால் கன்றுக்கு அது புரியாது.

சரி, எப்படி மாத்துறது?

இவ்வளவும் வாசித்தீர்கள், வேலையையும் சொல்லிவிடுகிறோம்.

காலம் முக்கியம். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் மாத்தாதேங்கோ. பூநகரி வெளியில் அந்தக் காற்று புது இலையைக் காய வைச்சுப்போடும். மாரி தொடங்குகிற ஐப்பசியை ஒட்டி, காற்றில் ஈரம் இருக்கும்போது செய்யலாம். மிளகாய்க் கன்று நடுகிறவர்கள் பின்னேரம் வெயில் தணிஞ்ச பிறகுதான் நடுவினம். அதே விதி இங்கேயும்.

முதல் நாளே தண்ணி ஊத்தி வையுங்கோ. ஈரமான வேர் முறியாது. சாடியைச் சரிச்சு, பக்கத்தில் தட்டி, தண்டை இழுக்காமல் வேர்ப்பந்தைக் கையால் தாங்கி எடுங்கோ. வேர் வெள்ளையாகவோ இளம் மண்ணிறமாகவோ உறுதியாக இருந்தால் நல்லது. கறுத்து, நசிந்து, மணத்தால் அதை வெட்டுங்கோ. வட்டமாகச் சுத்தின வேரை விரலால் பிரியுங்கோ. பிரியாட்டில் இரண்டு மூன்று இடத்தில் கத்தியால் கீறிவிடுங்கோ. கீறாமல் நட்டால் புதுச் சாடியிலும் அது பழைய ரின்னின் வட்டத்திலேயே சுத்திக்கொண்டிருக்கும்.

புதுச் சாடி பழையதைவிட ஒன்று இரண்டு அங்குலம்தான் அகலமாக இருக்க வேணும். பெரிசாக வைத்தால் கெதியா வளரும் என்று நினைக்காதேங்கோ. வேர் எட்டாத மண்ணில் தண்ணி தேங்கி அழுகும். அடியில் ஓட்டை கட்டாயம். ஓட்டைக்கு மேல மண் போகாமல் ஒரு ஓட்டுத் துண்டு போதும். கல்லை அடுக்கினால் தண்ணி நல்லா வடியும் என்பது பலர் நம்புகிற கதை, ஆனால் நடக்கிறது மறுபக்கம். கல்லுக்கு மேல மண்ணில் ஈரம் தங்கி நிற்கும், வேருக்கு இடமும் குறையும்.

மண்ணோடு உக்கின எருவும் தும்புத்தூளும் கொஞ்ச மணலும் கலவுங்கோ. மணல் கடற்கரை மணலாக இருக்கக் கூடாது. தும்புத்தூளிலும் உப்பு இருக்கும், நல்ல தண்ணியில் கழுவிப் போடுங்கோ. முன்பு மண்ணுக்கு மேல எவ்வளவு தண்டு தெரிந்ததோ அதே அளவு இப்பவும் தெரிய வேணும். நட்ட பிறகு நல்லாத் தண்ணி ஊத்தி, ஒரு கிழமை நிழலில் வையுங்கோ. ஒரு மாதத்துக்கு உரம் வேண்டாம், காயப்பட்ட வேரை அது எரிக்கும். சில இலை விழும், பயப்பிடாதேங்கோ. மாரியில் சாடியைக் கூரைக்கு வெளியில் தள்ளி வைத்தால், மழைத் தண்ணி வருசம் முழுக்கச் சேர்ந்த உப்பைக் கழுவும். காசில்லாத மருந்து அதுதான்.

கடைசியாக ஒன்று. பூநகரியில் திரும்பி வந்த வீடுகளில் நீங்கள் பார்க்கிற ரின்னும் கானும் வாளியும் சும்மா இல்லை. 2009 இறுதியிலும் அடுத்த வருசங்களிலும் ஆக்கள் திரும்பத் தொடங்கினபோது, கண்ணிவெடி அகற்றி முடியாத நிலத்தில் விரும்பின இடத்தில் மண்வெட்டி போட ஏலாது. திரும்ப எழும்ப வேண்டி வருமோ என்ற பயமும் இருந்தது. தூக்கிக்கொண்டு போகக்கூடிய தோட்டம்தான் அப்ப வசதி. 2011 தையில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது. ஏ32 வீதியால் யாழ்ப்பாணத்து நாற்றுக் கடைக் கன்றுகளும் வரத் தொடங்கின. இப்ப அந்த வீடுகள் சிலவற்றில் ஒரு மாற்றம் தெரிகிறது. கறிவேப்பிலையும் செவ்வரத்தையும் சாடியை விட்டு நிலத்துக்கு இறங்கியிருக்கு.

சாடி மாத்துறதில் கடைசிப் படி அதுதான். நிலத்தில் நட்ட கன்றைத் திரும்பத் தூக்கிக்கொண்டு ஓட ஏலாது. ஓட வேண்டி வராது என்று நம்புகிற ஆள்தான் அப்படி நடுவார். அடுத்தமுறை பூநகரிப் பக்கம் போனால், வீட்டுக்காரரோடு கதைக்க முந்தி முற்றத்தைப் பாருங்கோ. எத்தனை கன்று இன்னும் ரின்னில் நிற்குது, எத்தனை நிலத்தில் நிற்குது என்று எண்ணுங்கோ. மீள்குடியேற்றம் எந்த அளவில் நிற்குது என்று அது சொல்லும்.